மராத்தான் முடிந்த பிறகு கம்ப்ரஷன் டைட்ஸ் போட்டால் கால் சீக்கிரம் தேறுமா?

வணக்கம். உங்கள் கேள்வி நீளமாக இருந்ததால் முதலில் அதைச் சுருக்கிவிடுகிறேன். பினாங்கில் இருக்கிறீர்கள், வயது நாற்பத்தொன்று. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், பெரும்பகுதி நின்றபடியே வேலை. பினாங்குப் பால மராத்தானில் முதல்முறையாக முழுத் தூரம் ஓடப் பெயர் கொடுத்திருக்கிறீர்கள். ஞாயிறு விடிவதற்குள் ஓட்டம் முடிந்துவிடும், திங்கள் காலை ஷிப்ட். கூட ஓடும் நண்பர் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை வரும் கம்ப்ரஷன் டைட்ஸ் வாங்கச் சொல்கிறார், விலை முந்நூறு ரிங்கிட்டுக்கு மேல். அது லாக்டிக் ஆசிட்டைப் பிழிந்து வெளியேற்றிவிடும் என்கிறார் கடைக்காரர். காசுக்குக் கேடு என்கிறார் உங்கள் மனைவி. அப்பா ஆபரேஷனுக்குப் போனபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த வெள்ளை ஸ்டாக்கிங் அலமாரியில் சும்மாதானே கிடக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். இரவு தூங்கும்போது போடலாமா என்பது கடைசிக் கேள்வி.

மேலோட்டமாகப் பார்த்தால் வாங்கலாமா வேண்டாமா என்ற கேள்விதான். ஆனால் உங்களுக்குத் தெரிய வேண்டியது, நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடிய காலோடு மறுநாள் பன்னிரண்டு மணி நேரம் நிற்க முடியுமா, இந்தத் துணி அதற்குக் கை கொடுக்குமா என்பதுதான் என்று நினைக்கிறேன். அந்தக் கோணத்திலிருந்தே பதில் சொல்கிறேன். நான் கோலாலம்பூரில் பிசியோதெரபிஸ்ட். தாசேக் பெர்டானா, புக்கிட் கியாரா பக்கம் ஓடுகிறவர்களில் பலரை முழங்கால், கெண்டைக்கால் தொல்லைகளுக்காகப் பார்த்துவருகிறேன். ஆனாலும் நான் டாக்டர் இல்லை, உங்கள் காலைத் தொட்டுப் பார்த்ததும் இல்லை. அதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

லாக்டிக் ஆசிட்டை முதலில் தீர்த்துவிடலாம், அதில் சந்தேகமே கிடையாது. கடுமையாக ஓடும்போது ரத்தத்தில் லாக்டேட் ஏறும், நிறுத்திய ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிடும். நீங்கள் பதக்கத்தை வாங்கிப் படம் எடுத்துக்கொண்டு பைக்கை நிறுத்திய இடத்துக்கு நடந்து போவதற்குள் உடம்பு அந்த வேலையை முடித்திருக்கும். திங்கள், செவ்வாயில் படி இறங்க முடியாமல் பக்கச்சுவரைப் பிடித்துக்கொள்ள வைக்கும் வலி வேறு. தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதமும் அதைத் தொடர்ந்து வரும் அழற்சியும்தான் அதற்குக் காரணம். தியோடர் ஹஃப் என்ற அமெரிக்கர் 1902இலேயே இந்தத் தாமத வலியைப் பற்றி எழுதி, இது களைப்பு இல்லை, தசைக்குள் ஏதோ கிழிகிறது என்று ஊகித்துவிட்டார். 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் வலி உச்சத்துக்குப் போகும், பிறகு தானாக வடியும். தசை நீண்டுகொண்டே பாரம் தாங்கும் அசைவுகளில்தான் சேதம் அதிகம். தண்ணீர்மலை கோயிலின் ஐந்நூற்றுச் சொச்சம் படிகளையும் தைப்பூசத்தன்று ஏறி இறங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஏறும்போது மூச்சு வாங்கியிருக்கும், ஆனால் மறுநாள் தொடை வலிப்பது இறங்கியதால். ஓட்டத்தில் ஒவ்வொரு முறை கால் தரையில் விழும்போதும் தொடையின் முன்தசை அதே வேலையைத்தான் செய்கிறது, பல்லாயிரம் தடவை.

சரி, இறுக்கமான துணி இதில் என்ன செய்யும்? இந்தத் துணியின் பூர்வீகம் விளையாட்டு மைதானம் இல்லை, நரம்பு சுருட்டிக்கொண்ட கால்கள். கோன்ராட் ஜோப்ஸ்ட் என்ற பொறியாளருக்குக் காலில் சிரைப் புண் இருந்தது, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் நாளங்கள் பழுதாகி வரும் புண். நீச்சல் குளத்தில் நிற்கும்போது மட்டும் கால் நோவு குறைவதைக் கவனித்தார். ஆழம் கூடக் கூடத் தண்ணீரின் அழுத்தம் கூடும் அல்லவா, கணுக்காலில் அதிகம், மேலே போகப் போகக் குறைவு. அதையே துணியில் கொண்டுவர முயன்று 1950இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு நிறுவனமே தொடங்கினார். இன்று கடையில் தொங்கும் கம்ப்ரஷன் சாக்ஸ் அந்த யோசனையின் பேரப்பிள்ளை.

நாம் அசையாமல் நிற்கும்போது, இதயத்திலிருந்து கணுக்கால் வரை நிற்கும் ரத்தத்தின் எடை முழுவதும் கணுக்காலின் சிரைகள்மேல் விழுகிறது. பாதரச மில்லிமீட்டரில் அளந்தால் 80, 90 வரை வரும். நடக்கத் தொடங்கினால் கெண்டைத்தசை சுருங்கிச் சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளும், அழுத்தம் 20, 30க்கு இறங்கிவிடும். படுத்துவிட்டாலோ அதற்கும் கீழே போய்விடும். நின்றுகொண்டே இருந்தால் நாளங்களிலிருந்து நீர் கசிந்து திசுவில் தங்கும், மாலையில் காலணி இறுகும். வெளியிலிருந்து 15, 20 மில்லிமீட்டர் அழுத்தம் கொடுத்தால் அந்தக் கசிவு குறையும். இது மருத்துவம் பல்லாண்டுகளாக அறிந்த, திரும்பத் திரும்ப அளந்து பார்த்த விஷயம். வீக்கம் குறையும் என்பதில் தயக்கமே இல்லாமல் கையெழுத்துப் போடுவேன்.

தயக்கம் தொடங்குவது அடுத்த படியில். வீக்கம் குறைந்தால் கிழிந்த தசையும் சீக்கிரம் ஆறுமா? 2014இல் ஜெசிக்கா ஹில் குழுவினர் 12 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, வலியும் குறைகிறது, பலமும் சற்று விரைவாகத் திரும்புகிறது என்றார்கள். 2017இல் ஃப்ரெடி பிரவுன் குழு 23 ஆய்வுகளைத் தொகுத்தது. அதில் பலன் தெளிவாகத் தெரிந்தது பளுதூக்கும் பயிற்சிக்குப் பிறகு, ஓட்டத்துக்குப் பிறகு அவ்வளவாக இல்லை. 2022இல் வெளிவந்த இன்னொரு தொகுப்பு 19 ஆய்வுகளை அலசிவிட்டு, தசையின் பலம் குறைவதை இந்த உடைகள் தடுப்பதாகத் தெரியவில்லை என்று நேர் எதிராகச் சொன்னது. மூன்றும் நேர்மையான வேலைகள்தான். உள்ளே இருக்கும் ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் குறைவு, துணியின் இறுக்கம் ஆளுக்கு ஆள் வேறு, அணிந்த நேரமும் வேறு. எந்தக் கல்லைத் தராசில் போடுகிறோமோ அதற்கேற்ப முள் சாய்கிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. மாத்திரை என்றால் மாவு உருண்டையைக் கொடுத்து ஏமாற்றிச் சோதிக்கலாம். இறுக்கமான டைட்ஸை மாட்டிவிட்டு, இது இறுக்கமில்லாதது என்று யாரை நம்பவைப்பது? போட்டவருக்குத் தெரியும், நல்லது நடக்கும் என்று எதிர்பார்ப்பார், வலி எவ்வளவு என்று கேட்டால் ஒரு எண் குறைத்தே சொல்வார். ஆகவே வலி குறைந்தது என்ற முடிவுகளை நான் எப்போதும் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிப்பேன்.

மராத்தான் ஓடியவர்களையே வைத்துச் செய்த இரண்டு ஆய்வுகள் உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். ஒன்று ஹில் குழுவினுடையது, அதே 2014இல் வந்தது. ஓடி முடித்த 24 பேரில் ஒரு பாதிக்கு டைட்ஸ் கொடுத்து 72 மணி நேரம் அணியச் சொன்னார்கள். மறு பாதிக்குச் சிகிச்சை என்ற பெயரில் இயங்காத அல்ட்ராசவுண்ட் கருவியைக் காலில் வைத்துத் தேய்த்தார்கள். முந்தைய பத்தியில் சொன்ன சிக்கலைச் சமாளிக்கத்தான் இந்த ஏற்பாடு. 24 மணி நேரம் கழித்து டைட்ஸ் அணிந்தவர்களுக்கு வலி குறைவாக இருந்தது. ஆனால் தொடைத்தசையின் பலத்திலும் ரத்தத்தில் தசைச் சேதத்தைக் காட்டும் அளவுகளிலும் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. இரண்டாவது, 2015இல் ஆஸ்திரேலியாவில் ஆர்ம்ஸ்ட்ராங் குழு 33 மராத்தான் ஓட்டக்காரர்களிடம் செய்தது. பாதிப் பேருக்கு முழங்கால் வரையிலான கம்ப்ரஷன் சாக்ஸ், மறுபாதிக்கு அதுபோலவே தோன்றும் சாதா சாக்ஸ், ஓடி முடித்து 48 மணி நேரத்துக்கு. இரண்டு வாரம் கழித்து டிரெட்மில்லில் களைத்து நிற்கும் வரை ஓடவிட்டார்கள். கம்ப்ரஷன் தரப்பு மராத்தானுக்கு முன்பு ஓடியதைவிட 2.6 விழுக்காடு கூடுதல் நேரம் தாங்கியது, மற்றவர்கள் 3.4 விழுக்காடு குறைந்தார்கள். நல்ல முடிவுதான், ஆனால் 33 பேரை வைத்துச் செய்த ஒரே ஆய்வு. அதை நம்பி முந்நூறு ரிங்கிட் செலவழிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருபது ரிங்கிட் என்றால் யோசிக்காமல் சொல்லிவிடுவேன்.

இவற்றையும் என் சிகிச்சை மேசையில் பார்ப்பதையும் சேர்த்து வைத்து நான் வந்திருக்கும் முடிவு இது: இந்தத் துணி வலியின் குரலைக் கொஞ்சம் தணிக்கிறது, தசை ஆறும் வேகத்தை ஒருவேளை சிறிது கூட்டலாம், கூட்டாமலும் போகலாம். இதை ஏன் இவ்வளவு இழுத்துச் சொல்கிறேன் என்றால், வலி குறைந்ததும் கால் ஆறிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறவர்கள் அதிகம். ஞாயிறு மராத்தான், இரண்டு நாள் டைட்ஸ், புதன் மாலை கால் லேசாக இருக்கிறதே என்று நண்பர்களோடு வேக ஓட்டத்துக்குப் போவது, வாரக் கடைசியில் கெண்டைத்தசையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் நொண்டி வருவது. மேலே சொன்ன ஆய்வில் வலி குறைந்தவர்களின் தொடை பலம் மற்றவர்களுடையதைப் போலவே விழுந்திருந்தது என்பதை நினைவில் வையுங்கள். போட்டாலும் போடாவிட்டாலும் முதல் வாரம் நடை, லேசான சைக்கிள், அவ்வளவுதான். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் ஒற்றைக் காலால் மெதுவாக எழுந்து உட்கார முடிகிறதா என்று இரண்டு காலிலும் பாருங்கள். தொடை நடுங்கினால் இன்னும் நாள் இருக்கிறது.

இனி உங்கள் திங்கள்கிழமை. உங்கள் விஷயத்தில் இந்தத் துணி நிச்சயமாகச் சம்பாதித்துக் கொடுக்கும் இடம் மராத்தானைவிட அந்த ஷிப்ட்தான். நின்றும் உட்கார்ந்தும் வேலை செய்கிறவர்களிடம் 2004இலேயே பார்ட்ஷ் என்ற ஆஸ்திரிய மருத்துவரும் கூட்டாளிகளும் அளந்து பார்த்திருக்கிறார்கள். முழங்கால் வரையிலான சாக்ஸ், கிட்டத்தட்ட 11 முதல் 21 மில்லிமீட்டர் அழுத்தம் இருந்தால் போதும், மாலை வீக்கம் குறைகிறது. ஓடிச் சிதைந்த காலில் ஏற்கெனவே அழற்சி நீர் தேங்கியிருக்கும், அதன்மேல் பன்னிரண்டு மணி நேர நிற்றல் வேறு. ஆகையால் சாக்ஸ் போட்டு நில்லுங்கள் என்பதை மராத்தான் இல்லாவிட்டாலும் உங்களுக்குச் சொல்லியிருப்பேன். கோலாலம்பூரிலிருந்து வந்து ஓடிவிட்டு சுங்கை நிபோங்கில் பஸ் ஏறி ஐந்து மணி நேரம் உட்கார்ந்தே திரும்புகிறவர்களுக்கும் இது பொருந்தும். நீண்ட விமானப் பயணங்களில் இத்தகைய சாக்ஸ் காலில் ரத்தம் உறைவதைக் குறைக்கிறது என்பதற்கு உறுதியான ஆய்வுகள் இருக்கின்றன.

அப்படியானால் டைட்ஸா, சாக்ஸா? இங்கே கொஞ்சம் பௌதிகம். ஒரே இழுவிசையுள்ள துணியைச் சுற்றினால், சுற்றளவு குறைந்த இடத்தில் அழுத்தம் அதிகம், பருத்த இடத்தில் குறைவு. லாப்லாஸ் விதி என்பார்கள். மெலிந்த கணுக்காலில் நன்றாக இறுக்கும் அதே துணி தொடைக்குப் போகும்போது தளர்ந்துவிடும். டைட்ஸ்களில் தொடைக்குக் கிடைப்பது பெரும்பாலும் கெண்டைக்காலுக்குக் கிடைப்பதில் பாதிதான். மராத்தானில் அதிகம் அடிவாங்குவதோ தொடையின் முன்புறம். ஹில் குழுவின் மராத்தான் ஆய்வில் பயன்படுத்தியது டைட்ஸ்தான் என்றாலும், காசைப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கும் ஒருவருக்கு முழங்கால் வரையிலான சாக்ஸ்தான் என் பரிந்துரை. ஷிப்டிலும் உதவும், ஓட்டத்துக்குப் பிறகும் உதவும். பாதம் இல்லாத, கெண்டையை மட்டும் மூடும் ஸ்லீவ் வேண்டாம். அதைப் போட்டு நின்றால் நீர் கீழே இறங்கிப் பாதத்திலும் கணுக்காலிலும் தேங்கும், ஸ்லீவின் விளிம்புக்குக் கீழே மோதிரம் போட்ட விரல்போல் உப்பும்.

வாங்கும்போது காலணி நம்பரை மட்டும் கேட்டு எடுத்துக் கொடுக்கும் சாக்ஸை நம்பாதீர்கள். காலையில் எழுந்ததும், வீக்கம் இறங்கியிருக்கும்போது, தையல் டேப்பால் இரண்டு இடத்தை அளக்க வேண்டும்: கணுக்கால் எலும்புக்குச் சற்று மேலே மிக ஒடுங்கிய இடம், கெண்டையில் மிகப் பருத்த இடம். பெட்டியில் இந்த இரண்டு அளவுக்குமான அட்டவணையும், அழுத்தம் எத்தனை மில்லிமீட்டர் என்ற எண்ணும் இருந்தால் வாங்கலாம். உங்களுக்கு 15 முதல் 20 போதும். 20 முதல் 30 என்று போட்டிருப்பது நோயாளிகளுக்கு மருத்துவர் எழுதிக்கொடுக்கும் அளவை எட்டிவிடுகிறது, கேட்காமல் போடாதீர்கள். பளபளப்பான விளையாட்டுப் பெயர் இருந்துவிட்டால் அழுத்தம் சரியாக இருக்கும் என்பதும் இல்லை. அட்டையில் போட்டிருப்பதைவிடக் காலில் அளந்தால் குறைவாக வரும் உடைகள் நிறையவே உண்டு. பெரிய மருந்துக் கடைகளில் விற்கும் சாதாரண மருத்துவ சாக்ஸ் பல நேரம் விலையும் குறைவு, அளவும் துல்லியம்.

போடுவதிலும் ஒரு முறை இருக்கிறது. கையை உள்ளே விட்டுக் குதிகால் பகுதியைப் பிடித்து, அதுவரை உள்புறம் வெளியே வரும்படி திருப்புங்கள். பாதத்தை நுழைத்துக் குதிகால் சரியாக உட்கார்ந்த பிறகு மிச்சத்தைச் சிறிது சிறிதாக மேலே உருட்டுங்கள். கால் ஈரமாக இருந்தால் ஏறவே ஏறாது, குளித்ததும் நன்றாகத் துடைத்து ஐந்து நிமிடம் காற்றாட விடுங்கள். மேலே நீளம் மிஞ்சினால் மடித்துவிடாதீர்கள். மடித்த இடத்தில் இரண்டு பங்கு இறுக்கம் விழும், முழங்காலுக்குக் கீழே கயிறு கட்டியது மாதிரி ஆகிவிடும், போட்டதன் நோக்கமே கெட்டது. விரல் மரத்தாலோ, நிறம் மாறினாலோ, குத்தினாலோ உடனே கழற்ற வேண்டும்.

நம் ஊர் புழுக்கத்தையும் சேர்த்துப் பேச வேண்டும். இந்த ஆய்வுகளில் பல குளிரூரில் நடந்தவை. பினாங்கில் வியர்வையோடு இறுக்கமான நைலானை மணிக்கணக்கில் போட்டிருந்தால் விரலிடுக்கில் தோல் வெந்து சேற்றுப்புண் வரும், தொடையிடுக்கில் படை வரும். ஓடிய அழுக்கோடு போடாதீர்கள். குளித்து, துடைத்து, கொப்புளம் உடைந்த இடத்தில் கட்டுப்போட்டு அப்புறம். இரண்டு ஜோடி இருந்தால் ஒன்றைக் கையால் அலசிக் காயப்போட்டு மாற்றிக்கொள்ளலாம். துணி மென்மையாக்கும் திரவமும் டிரையரும் இழுவையைக் கெடுத்துவிடும். தினமும் போட்டால் ஆறு மாதத்தில் எப்படியும் தளர்ந்துவிடும். இன்னொன்று: கோடாலித் தைலமோ, சூடேறும் கிரீமோ தடவிவிட்டு அதன்மேல் கம்ப்ரஷன் போடாதீர்கள். இறுக்கி மூடினால் மருந்து தோலுக்குள் அதிகம் இறங்கும், வெந்த மாதிரி சிவந்துபோய் வருகிறவர்களை நான் பார்க்கிறேன். தைலம் வேண்டுமா, துணி வேண்டுமா, ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

அப்பாவின் வெள்ளை ஸ்டாக்கிங் விஷயத்தில் உங்கள் மனைவி பக்கம் பேச முடியவில்லை, மன்னிக்கவும். அது ஆபரேஷனுக்குப் பிறகு படுத்தே கிடப்பவர்களுக்கு ரத்தம் உறையாமலிருக்கத் தருவது. விரல் பக்கம் ஒரு திறப்பு இருக்கிறதா பாருங்கள், நர்ஸ் விரலின் நிறத்தைப் பார்க்க வைத்தது. கணுக்காலில் 18 மில்லிமீட்டர் போல் அழுத்தம் கொடுக்கும், ஆனால் படுத்திருக்கும் காலுக்காகத் திட்டமிட்டது. நின்று நடந்தால் சுருண்டு இறங்கும், சுருண்ட இடம் வெட்டும். அதுவும் அப்பாவின் கால் அளவு, பழைய இழுவை. காசுக்குக் கேடு என்று அவர் சொன்னது மட்டும் டைட்ஸைப் பொறுத்தவரை பெரும்பாலும் சரி.

இரவில் போடுவது பற்றி. படுத்தால் சிரை அழுத்தம் தானே இறங்கிவிடுகிறது என்று மேலே சொன்னேன், ஆகவே வீக்கத்துக்காகப் போட வேண்டிய அவசியம் இல்லை. ஆய்வுகளில் 48, 72 மணி நேரம் அணிந்தார்கள் என்பதால், சுகமாக இருந்தால் போட்டுத் தூங்குவதை நான் தடுக்கமாட்டேன். அரிப்பிலோ சூட்டிலோ ஒரு முறை விழிப்பு வந்தாலும் கழற்றி எறியுங்கள், அந்தத் தூக்கம் துணியைவிட விலை உயர்ந்தது. நம் நாட்டு மராத்தான்கள் வெயிலுக்குப் பயந்து நள்ளிரவு தாண்டி, விடியலுக்கு வெகு முன்பே தொடங்குகின்றன. அதாவது ஓடுகிறவர் ஓர் இரவுத் தூக்கத்தை முழுதாக இழந்துவிட்டுத்தான் கோட்டைத் தாண்டுகிறார். கம்ப்ரஷன் பற்றி என்னிடம் கேட்பவர்களிடம் ஞாயிறு மதியம் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். சொந்தக்காரர் வீட்டு விருந்துக்குப் போனேன் என்பார்கள். பசியாறிவிட்டு, திரையை இழுத்துவிட்டு மூன்று நான்கு மணி நேரம் தூங்குங்கள், இரவும் சீக்கிரம் படுங்கள். சாப்பாடு பெரிய ரகசியம் இல்லை. ஓடி முடித்த ஓரிரு மணி நேரத்துக்குள் சோறோ ரொட்டி சானாயோ, கூடவே இரண்டு முட்டை, பருப்பு, மீன் என்று இருபது முப்பது கிராம் புரதம் வந்தால் போதும். வலி மாத்திரை மட்டும் வேண்டாம், குறிப்பாக இபுப்ரோஃபன், டைக்ளோஃபெனாக் வகைகள். உடம்பில் நீர் வற்றியிருக்கும் நேரத்தில் அவை சிறுநீரகத்தை உரசும். முடிந்தால் திங்களுக்கு விடுப்புக் கேட்டுப் பாருங்கள், அல்லது யாரோடாவது ஷிப்ட் மாற்றிக்கொள்ளுங்கள். எந்த சாக்ஸும் ஒரு நாள் லீவுக்கு ஈடாகாது.

யார் போடக்கூடாது என்பதையும் எழுதுகிறேன், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகவும். இனிப்பு நீர் (நீரிழிவு) இருந்து காலில் உணர்வு குறைந்தவர்கள், காலுக்குப் போகும் தமனியில் அடைப்பு உள்ளவர்கள், இதயம் பலவீனமானவர்கள், காலில் ஆறாத புண்ணோ தொற்றோ இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. 2023இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசியாவில் வயது வந்தவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது, அதில் கணிசமானோருக்குத் தமக்கு இருப்பதே தெரியாது. நம் சமூகத்தில் இது இன்னும் அதிகம் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாற்பதைத் தாண்டிவிட்டீர்கள், மராத்தானுக்கு முன்பு ஒரு முறை பக்கத்து அரசாங்க கிளினிக்கில் ரத்தம் பார்த்துவிடுங்கள். பாதத்தின் மேற்பக்கம் விரல் வைத்தால் நாடி துடிக்கிறதா என்றும் அங்கேயே பார்க்கச் சொல்லுங்கள்.

ஓடிய பிறகு ஒரு காலில் மட்டும் கெண்டை வீங்கி, சூடாக, தொட்டால் நோகிறது என்றால் அதைத் தசைவலி என்று எண்ணி சாக்ஸை மாட்டாதீர்கள், ரத்தம் உறைந்திருக்கலாம். கூடவே மூச்சுத் திணறினால் நேராக அவசரப் பிரிவு. சிறுநீர் பாலில்லாத தேநீர் நிறத்திலோ கோலா நிறத்திலோ போனாலும் அப்படித்தான், தசை அளவுக்கு மீறிச் சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று பொருளாக இருக்கலாம். தாமத வலி இரண்டு காலிலும் ஏறக்குறைய சமமாக இருக்கும், மூன்றாம் நாளுக்குப் பிறகு குறைந்துகொண்டே போகும். இதற்கு மாறாக எது நடந்தாலும் என்னைப் போன்றவர்களிடமோ டாக்டரிடமோ காட்டுங்கள்.

ஆக, டைட்ஸை விடுங்கள். 15 முதல் 20 மில்லிமீட்டர் அளவில் முழங்கால் சாக்ஸ் இரண்டு ஜோடி வாங்குங்கள். மராத்தானுக்கு முன்பே ஒரு வாரம் ஷிப்டில் போட்டுப் பழகிக்கொள்ளுங்கள், எங்கே உறுத்துகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். ஓட்டத்தன்று பந்தய தினத்துக்கென்று புதிதாக எதையும் போட வேண்டாம். பிரிட்டிஷ் மராத்தான் வீராங்கனை பவுலா ராட்கிளிஃப் முழங்கால் சாக்ஸோடு ஓடினார் என்று நண்பர் சொல்லக்கூடும். ஓடும்போது அணிந்தால் வேகம் கூடும் என்பதற்கு ஆதாரம் இன்னும் பலவீனம், நம் சூட்டில் அது கூடுதல் சுமைதான். ஞாயிறு குளித்துச் சாப்பிட்டு, மாலை நடமாடும்போது போடுங்கள், திங்கள் ஷிப்ட் முழுக்கப் போடுங்கள், இடைவேளையில் பத்து நிமிடம் காலை நாற்காலியில் தூக்கி வையுங்கள், நிற்கும்போது அவ்வப்போது குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். நாளைக் காலை எழுந்ததும் கணுக்கால், கெண்டை இரண்டையும் டேப்பால் அளந்து, எந்தக் கால், எத்தனை சென்டிமீட்டர் என்று இங்கேயே எழுதுங்கள். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் சாக்ஸின் அட்டவணையையும் படம் எடுத்துப் போட்டால் எந்த சைஸ் என்று சொல்லிவிடுகிறேன்.